எஜமானன் இல்லாத அறை

சொந்தத் தொழிலை வீட்டிலிருந்தே நடத்துகிற ஒருவர், தம் வேலைக்கென ஓர் இடத்தை ஒழுங்குசெய்துகொள்ள முனையும்போது, மேஜையின் உயரம், ஜன்னலின் திசை, விசிறியின் காற்று, நாற்காலியின் சாய்வு முதலிய லௌகிக விஷயங்களையே முதலில் எண்ணுகிறார். அவற்றை எண்ணுவது தவறும் அன்று. ஆயினும், அவையெல்லாம் செம்மையாக அமைந்த பிறகும் அந்த அறையில் வேலை நடவாமற் போவதையும், அவற்றில் ஒன்றுகூட அமையாத மூலையில் வேறொருவர் ஆயுள் முழுவதும் அயராமல் உழைப்பதையும் நாம் கண்டுவருகிறோமாதலால், இது தச்சரிடமும் மின்பணியாளரிடமும் கேட்டுத் தீர்த்துக்கொள்ளக்கூடிய விஷயம் மட்டும் அன்று என்பது புலப்படுகிறது. மணி அடிக்காத, வருகைப் பதிவேடு இல்லாத, மேலதிகாரியின் செருப்போசை கேட்காத ஓர் அறையில் அமர்ந்திருப்பவருக்கு எஜமானன் யார்? இதைச் சமயக் கேள்வி என்றே நான் கருதுகிறேன். அதை விசாரிப்பதற்கு மதுரையைக் காட்டிலும் தகுந்த ஊரும் எனக்குத் தோன்றவில்லை.

ஏனெனில், பிற க்ஷேத்திரங்களில் இறைவன் அருள்புரிகிறான், நடனமிடுகிறான், அசுரரை வதைக்கிறான். மதுரைச் சொக்கநாதரோ இவற்றோடு நில்லாமல் தொழிலும் செய்கிறார். பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தின் 64 படலங்களில், 17ஆம் படலத்தில் மாணிக்க வியாபாரியாக வருகிறார். 32இல் வணிகர் வீதியில் வளையல் விற்கிறார். 41இல் விறகுக் கட்டைத் தலையில் சுமந்து விலை கூறுகிறார். இவற்றில் எதிலும் அவர் யாருக்கும் உத்தியோகஸ்தராக இருப்பதில்லை. தம் சரக்கைத் தாமே சுமந்து தாமே விலைபேசுகிற சுயதொழிலாளியாகவே காட்சி தருகிறார். 61ஆம் படலத்தில் மட்டும் கூலிக்கு அமர்கிறார். அவரைக் கூலிக்கு அமர்த்தியவர் அரசரும் அல்லர், வணிகரும் அல்லர்; வீட்டிலேயே பிட்டு அவித்து விற்றுப் பிழைத்த ஒரு கிழவி.

வந்தி என்னும் அந்தக் கிழவிக்குப் பிள்ளை இல்லை, சுற்றம் இல்லை. மாவை இடித்துச் சலித்து ஆவியில் அவித்து, முதற்பிட்டைச் சொக்கருக்கு நிவேதனம் செய்துவிட்டு, எஞ்சியதை விற்று வயிறு வளர்ப்பதே அவளுடைய நித்திய கர்மமாக இருந்தது. மணிவாசகருக்குப் பாண்டியன் இழைத்த துன்பத்தின் விளைவாக வைகையில் வெள்ளம் பெருகி, கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று அரசாணை பிறந்தபோது, அனுப்புவதற்கு ஆளின்றி அவள் தவித்தாள். உபந்நியாசகர்கள் இந்த இடத்தை அவளுடைய அநாதரவைச் சொல்லி உருக்கமாக்கிவிட்டு விரைந்து கடந்துபோகிறார்கள். எனக்கோ இங்கே சற்று நிற்க வேண்டும் என்று தோன்றுகிறது. அரசாங்கத்தின் கணக்கில் அவளுடைய வீடு பத்து வீடுகளோடு ஒரு வீடு. அந்த வீடே அவளுடைய பட்டறை என்பதும், அதில் உழைக்கிற ஒரே ஆள் அவள்தான் என்பதும், அவள் கூடை தூக்கப் போனால் அன்றைக்கு அந்த அடுப்பு எரியாது என்பதும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. வீட்டிலிருந்து உழைப்பவரை வீட்டில் சும்மா இருப்பவர் என்று கொண்டு, ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் உறவினர் வீட்டு வளைகாப்பு ஏற்பாட்டுக்கும் அவரையே ஏவுகிற வழக்கம் இன்றும் நம்மிடையே செழித்திருப்பதை எண்ணினால், பாண்டியனுடைய அதிகாரிகள் செய்த பிழை மிகவும் பழகிய பிழை என்பது தெரியும்.

அதன் பின் நடந்ததை மதுரையில் சிறு குழந்தையும் சொல்லும். கந்தைத் துணியும் கூடையும் மண்வெட்டியுமாக ஓர் இளைஞன் வந்து நின்றான். கூலி பிட்டு என்று பேசி முடித்தார்கள். உதிர்ந்த பிட்டு மட்டுமே கூலி என்று ஒப்பந்தமாயிற்று என்றும், அன்றைக்கு அவித்ததெல்லாம் உதிர்ந்தே போயிற்று என்றும் கதை சொல்வோர் சுவைபடக் கூறுவர். அவன் உண்டான், பாடினான், ஆடினான், உறங்கினான். வந்தியின் பங்குக் கரை மாத்திரம் அடைபடாமல் கிடந்தது. பார்வையிட வந்த பாண்டியன் சினந்து பிரம்பால் அடித்தான். அடித்தவுடன் அந்த இளைஞன் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைய, உடைந்த கரை உயர்ந்தது. அந்த அடியோ பாண்டியன் முதுகிலும், தேவியர் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், சராசரம் அனைத்தின் மீதும் பட்டது. ஆவணி மூலத் திருவிழாவில், திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூரிலிருந்து மணிவாசகரும் எழுந்தருள, சுந்தரேசுவரர் புட்டுத்தோப்புக்குப் போய் மண் சுமந்து வருவது இந்த லீலையின் ஞாபகார்த்தமாகவேயாகும்.

ஓர் அடி எல்லார் மீதும் பட்டதற்கு, இறைவன் சர்வாந்தர்யாமி என்று வியாக்கியானம் சொல்வது மரபு; அதை மறுக்க யாருக்கும் காரணம் இல்லை. ஆனால் அதே நிகழ்ச்சியில், பிரம்பை ஓங்கியவனே பிரம்படியையும் வாங்கிக்கொண்டான் என்ற பகுதியை மாத்திரம் தனியே எடுத்து நோக்கினால், அது வீட்டில் அமர்ந்து சொந்தத் தொழில் நடத்துகிறவருடைய அன்றாட நிலையாக இருப்பதைக் காணலாம். உத்தியோகம் பார்ப்பவருக்கு ஏவுகிறவர் ஒருவர், ஏவப்படுகிறவர் மற்றொருவர். மாலையில் படியிறங்கும்போது அதிகாரியின் பிரம்பை அதிகாரியிடமே விட்டுவிட்டு வரலாம், வரும் வழியில் அவரை நிந்தித்துக்கொண்டும் வரலாம். சுயதொழிலாளிக்கு அந்தச் சௌகரியமும் இல்லை. பகற்பொழுதில் அவருக்குள் இருக்கும் கூலியாள் பாடுகிறான், ஆடுகிறான், கைப்பேசியில் ஊர்வம்பு பார்க்கிறான். இரவு பதினொரு மணிக்கு அவருக்குள் இருக்கும் பாண்டியன் விழித்துக்கொண்டு, கரை அடைபடாமல் கிடப்பதைக் கண்டு, பிரம்பை எடுக்கிறான். எனக்கு யாரும் எஜமானன் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பலர், உத்தியோகத்தில் இருந்த காலத்தில் எந்த அதிகாரியும் அவர்களை நடத்தியிராத கடுமையோடு தம்மைத் தாமே நடத்திக்கொள்வதற்கு இதுவே காரணம். சுதந்திரம் என்று கருதி ஏற்ற நிலையில் அடிமையும் ஆண்டானும் ஒரே தோலுக்குள் குடியேறிவிடுகிறார்கள்.

இந்தச் சண்டையை மேஜையும் நாற்காலியும் தீர்த்துவைக்குமா? முழுதும் தீர்க்கா, எனினும் ஆசனத்தைப் பற்றி நம் சாஸ்திரங்கள் அலட்சியமாகப் பேசவில்லை என்பதையும் மறக்கலாகாது. ஆத்ம தத்துவத்தை ஆகாயம் அளாவப் பேசுகிற பகவத்கீதை, ஆறாம் அத்தியாயத்திற்கு வந்ததும், தியானம் செய்பவன் சுத்தமான இடத்தில், அசையாததும் மிக உயராததும் மிகத் தாழாததுமான ஆசனத்தை, தருப்பையும் தோலும் துணியும் ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு அமைக்க வேண்டும் என்று தச்சுக் கணக்குப்போல விவரிக்கிறது. பதஞ்சலியும் ஆசனத்துக்கு ஸ்திரத்தையும் சுகத்தையும் சேர்த்தே லக்ஷணமாகக் கூறுகிறார். ஆன்மாவைப் பற்றிப் பேசப் புகுந்தவர்கள் இடுப்புவலியைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள் என்பதில் ஒரு பெரிய கருணை இருக்கிறது.

அந்த லக்ஷணங்கள் அத்தனையும் பொருந்திய தொழிலிடம் ஒன்றை மதுரைவாசிகள் பல தலைமுறைகளாகக் கண்டிருக்கிறார்கள், அது குழித்தறி. நாயக்கர் காலத்தில் இந்நகரில் வேரூன்றி, 1636இல் திருமலை நாயக்கர் எழுப்பிய மகாலைச் சுற்றியுள்ள வீதிகளில் நெருங்கி வாழ்ந்த சௌராஷ்டிர நெசவாளர் இல்லங்களில், கூடமே பட்டறை, பட்டறையே கூடம். தரையில் குழி தோண்டி, நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகளை இயக்க, கைகள் நாடாவை இப்புறமும் அப்புறமும் செலுத்தும். குழியின் மண்ணில் தேங்கிய ஈரம், வறண்ட கோடையிலும் பாவு நூல் பொசுக்கென்று அறுந்துபோகாமல் காத்தது. இடத்தை நினைத்தபடி நகர்த்த இயலாது என்பதே அதன் பெருஞ்சிறப்பு என்பேன். தறியில் இறங்கினால் வேலை, ஏறினால் வீடு. இன்று மடிக்கணினி வைத்திருப்பவரோ கட்டிலிலும் ஊஞ்சலிலும் சாப்பாட்டு மேஜையிலும் மொட்டைமாடியிலும் அதைத் தூக்கிக்கொண்டு திரிவதால், எல்லா இடமும் வேலையிடமாகி, எந்த இடமும் வேலையிடமாகாமல் போகிறது; அவர் உறங்கும் கட்டிலுக்குக்கூட அவருடைய கடன்காரர்களும் வாடிக்கையாளர்களும் வந்து அமர்ந்துகொள்கிறார்கள்.

தறியின் பெருமையைச் சொல்லுமிடத்து அதற்கு எதிரான சாட்சியையும் மறைக்கக் கூடாது. 1843இல் இதே மதுரையில் நெசவுக் குடும்பத்தில் தோன்றிய நடனகோபால நாயகி சுவாமிகள், தறியையும் தியானத்தையும் ஒரே கூரையின்கீழ் இணைக்க விரும்பவில்லை. இளமையிலேயே வீட்டைத் துறந்து திருப்பரங்குன்றத்துக் குகைக்குப் போய்த் தவமிருந்தார். காசியில் கபீர் தறியை விடாமலே ஞானியானார். மதுரையில் இவர் தறியை விட்டு ஞானியானார். இரண்டு உதாரணங்களையும் முன்வைத்து வாதிட்டால் முடிவு பிறவாது. என் வரையில் தோன்றுவது, குகை என்பது எல்லார்க்கும் வாய்ப்பதன்று, எல்லார்க்கும் ஏற்றதும் அன்று. வாடகையும் பள்ளிக் கட்டணமும் செலுத்தவேண்டிய கிருகஸ்தர், இருக்கிற கூடத்திலேயே ஒரு குகையை நாள்தோறும் சில நாழிகை உண்டாக்கிக் கலைக்கக் கற்க வேண்டியவராகிறார்.

உண்டாக்கிக் கலைப்பது என்றேன். இந்த வித்தை நம் வீடுகளுக்குப் புதிதன்று; பூஜை செய்யும் ஒவ்வொரு வீட்டிலும் அது நடைபெறுகிறது. மஞ்சளைப் பிடித்து வைத்துப் பிள்ளையாரை ஆவாஹனம் செய்கிறோம். அதுமுதல் அது மஞ்சள் அன்று, தெய்வம். பூஜை நிறைவேறியதும் சற்று வடக்கே நகர்த்தி, உரிய மரியாதையோடு விடைகொடுத்து அனுப்புகிறோம். அதன்பின் அது மீண்டும் மஞ்சள். தெய்வம் எங்கும் நிறைந்திருக்கையில் அதை அழைப்பானேன், அனுப்புவானேன் என்று தர்க்கம் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சாஸ்திரிகள் சொல்லும் சமாதானம், அழைப்பும் அனுப்புகையும் தெய்வத்தின் பொருட்டு அல்ல, நம் மனத்தின் பொருட்டு என்பதாகும். தனி அறை வாய்க்காதவர்கள், கூடத்தின் ஒரு மூலையில் ஒரு பாயோ பலகையோ இட்டு, அதைக் காலையில் விரித்தலையே ஆவாஹனமாகவும் மாலையில் சுருட்டலையே விடையாகவும் கொள்வார்களாயின், மாளிகையில் தனி அறை படைத்தவரைக் காட்டிலும் அவர்கள் தாழ்ந்துபோக மாட்டார்கள். தனி அறை இருந்தும், வேலையை விடைகொடுத்து அனுப்பத் தெரியாதவருக்கு அந்த அறை இரவெல்லாம் திறந்தே கிடக்கும்.

பழைய தொழிலாளர் இந்த விடைகொடுத்தலை நாட்கணக்கிலும் அமைத்திருந்தார்கள். கைத்தறிக்காரரும் தச்சரும் பொற்கொல்லரும் பலவிடங்களில் அமாவாசையன்று தொழிலை நிறுத்தினார்கள். ஆயுத பூஜையன்று உளியும் தராசும் கணக்குப் புத்தகமும் சந்தனம் குங்குமம் பெற்று, விஜயதசமி வரையில் கை படாமல் இருந்தன. இப்போது அந்த வரிசையில் மடிக்கணினியும் அமர்ந்து பொட்டு இட்டுக்கொள்கிறது. பூஜை முடிந்த அரைமணியில் ஒரே ஒரு கடிதம் மட்டும் அனுப்ப வேண்டும் என்று குங்குமத்தைத் துடைத்துவிட்டு அதைத் திறப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதால் பயன் இல்லை. அமாவாசையை நாம் கைவிட்டதால், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அந்த ஸ்தானத்தை ஏற்றுக்கொண்டு, மாதம் ஒருநாள் பகல் முழுவதும் நம்மை ஓய்வெடுக்கச் செய்கிறது.

லௌகிக ஏற்பாடுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. மதுரையில் பங்குனி முதல் ஆனி வரையில் மேற்குச் சுவரை ஒட்டி அமர்ந்து மாலையில் வேலை செய்வது விவேகம் ஆகாது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர் இரவு வரையில் அதை உமிழ்ந்துகொண்டிருக்கும். மொட்டைமாடி அறை அமைதியானது, ஆனால் அடுப்புக்குச் சமானம். கீழ்த்தளத்தில் கிழக்கு அல்லது வடக்கு வெளிச்சம் விழும் நடை கிடைத்தால் அது பாக்கியம். மாசி வீதிகளின் அருகே குடியிருப்பவர், திருவிழாக் காலத்தின் ஒலிபெருக்கிக்கும் மேளத்துக்கும் எதிராக ஜன்னலை அடைத்துக்கொண்டு போராடுவதைவிட, அந்நாட்களில் அதிகாலையில் எழுந்து முடிக்க வேண்டியதை முடித்துவிட்டுச் சுவாமி புறப்பாட்டைப் பார்க்கப் போவது மேல்.

இனிச் சொல்ல வேண்டியது, இவை எல்லாவற்றினும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது. வீட்டில் ஒருவருக்கு வேலைசெய்யும் இடம் அமைகிறது என்றால், அந்த இடம் வேறு யாரிடமிருந்தோ எடுக்கப்பட்டிருக்கிறது. கூடத்தில் அவர் தொலைபேசியில் பேசுகையில் குழந்தைகள் குரலைத் தாழ்த்துகிறார்கள். மிக்ஸி ஓசையிடாமல் காத்திருக்கிறது. அந்த நிசப்தத்தை நாள் முழுவதும் காத்து நிற்பவள் பெரும்பாலும் மனைவி, அல்லது தாய். சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மதுரை மகிழ்ந்தது. அந்தச் சேலையின் ஆயிரமாயிரம் புள்ளிகளுக்குரிய முடிச்சுகளை நூலால் கட்டியவர்கள், உலை கொதிப்பதற்கும் குழந்தை விழிப்பதற்கும் இடையில் கிடைத்த துண்டு துண்டான பொழுதில், நடையிலும் வாசற்படியிலும் அமர்ந்திருந்த பெண்கள். அவர்களுக்கு மேஜை இல்லை. தங்களுக்கென ஒரு நிசப்தமும் இல்லை. வந்தியைப் போலவே அடுப்பங்கரையும் பட்டறையும் அவர்களுக்கு ஒன்றே.

இந்த அநீதியைத் தத்துவமாகவே ஆராய்ந்த ஒருவர் மதுரைக்கு அருகில் தம் கடைசிக் காலத்தைக் கழித்தார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காய்வுப் பயிற்சி பெற்று, பம்பாயில் சொந்தமாகத் தணிக்கைத் தொழில் நடத்தி, 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அதையெல்லாம் துறந்து கிராமக் கைத்தொழில்களுக்குத் தம்மை அர்ப்பணித்த ஜே. சி. குமரப்பா, டி. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கியிருந்து, 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் மறைந்தார். எந்த வேலையிலும் சலிப்புத் தரும் பகுதியும் உள்ளத்தை வளர்க்கும் பகுதியும் கலந்தே இருக்கும். வலியவர்கள் இரண்டாவதைத் தமக்கென்று பிரித்தெடுத்துக்கொண்டு முதலாவதை எளியவர்மேல் சுமத்தியதிலிருந்தே அடிமைத்தனமும் அதன் நவீன வடிவங்களும் தோன்றின என்பது அவர் கோட்பாட்டின் சாரம். அவர் இதைத் தேசங்களையும் ஆலைகளையும் மனத்திற்கொண்டு எழுதினார். அதை ஒரு வீட்டுக்குள் பொருத்திப் பார்த்தால் இன்னும் கூர்மையாகக் குத்துகிறது. விசிறியின்கீழ் அமர்ந்து சிருஷ்டிகரமான பகுதியை ஒருவர் செய்ய, காபி கொண்டுவருவது, தபால்காரருக்குக் கையெழுத்திடுவது, மேஜையைத் துடைப்பது, குழந்தையை அடக்குவது ஆகிய சலிப்புப் பகுதி ஊதியமின்றி மற்றொருவரிடம் போய்ச் சேருமானால், அந்த அறையில் எவ்வளவு உன்னதமான வேலை நடந்தாலும் அதன் அஸ்திவாரத்தில் பாண்டியனுடைய அரசாணை கிடக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

எஜமானன் யார் என்ற கேள்விக்குக் குமரப்பா தமக்கென ஒரு விடை வைத்திருந்தார். தம் குடிலில் ஓர் ஏழைக் கிராமவாசியின் படத்தை மாட்டி வைத்து, வந்தவர்களிடம், காந்தி என் எஜமானர், இவர் என் எஜமானரின் எஜமானர் என்று கூறுவாராம். வந்திக்கும் ஒரு விடை இருந்தது: அவள் பாண்டியனைப்போல ஓங்கவும் இல்லை, கூலியாளைப்போல உறங்கவும் இல்லை; சந்தைக்குப் போகும் முன்பே முதற்பிட்டை வேறொருவருக்கு உரியதாக எடுத்து வைத்தாள், அவ்வளவே. இவ்விரண்டு விடைகளும் நம் காலத்துக்கு எளிதில் பொருந்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணாநகரிலோ திருநகரிலோ ஒரு மாடியறையில் அமர்ந்து, முகமறியாத தேசத்து நிறுவனத்துக்குக் கணக்கெழுதியோ படம் வரைந்தோ மொழிபெயர்த்தோ அனுப்புகிறவருக்கு, தம் உழைப்பு கடைசியில் யாருடைய கையில் போய்ச் சேர்கிறது என்பதே தெரிவதில்லை. தெரியாத ஒருவரை எஜமானராக வரிப்பது எங்ஙனம்? தெய்வ நம்பிக்கை உடையவர் முதற்பங்கை நிவேதனமாக்கலாம். அந்த நம்பிக்கை இல்லாதவரும், நாளின் முதல் நாழிகையை வாடிக்கையாளரின் கடிதங்களுக்குத் திறந்துவிடாமல், தம் தொழிலில் தாம் எதை உத்தமமெனக் கருதுகிறாரோ அதற்கு ஒதுக்கிவைக்கலாம். அதே நாழிகையில் அடுப்பங்கரையில் நிற்பவருக்கும் அப்படி ஒரு நாழிகை கிடைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். சிலருடைய வீட்டில், இதைக் கேட்ட அன்றே, யார் எங்கே அமர்வது என்ற ஏற்பாட்டை முதலிலிருந்து மாற்ற வேண்டிவரும்.